எத்தனை அடியில் தண்ணீர்

…என்ன சொல்வது, அறிவுத் தாகம் என்றா, சமுதாயத்துக்காக என்றா, உள்ளே போய்வந்த சக ஆசிரியை ரஞ்சனி எல்லாரிடமும் அதைத்தான் கேட்கிறார்கள் என்கிறாள், இந்த ஆய்வைச் செய்யத் தூண்டியது எது, "இன்க்ரிமென்ட்னு வாய் வரைக்கும் வந்துருச்சு சத்யா, முழுங்கிட்டேன்" என்று சிரிக்கிறாள், கூடச் சிரித்தாக வேண்டும், சத்யபிரியா சிரித்தாள். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல், அடுத்தது அவள். மடியில் சங்ககிரி வட்டாரத்து நிலத்தடி நீர் வரைபடம். பதவிக்காகவா செய்தாள்? இல்லை. பெயருக்காக… கொஞ்சம் இருக்கும். ஆனால் தொடங்கியது சோற்றுத் தட்டின் முன்னால் அல்லவா, ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் அவள் கணவன் சிவக்குமார், தலையெல்லாம் புழுதியோடு வந்து, இன்று ஒரு தோட்டத்தில் எண்ணூறு அடியிலும் வெறும் தூசிதான், பக்கத்துத் தோட்டத்தில் அறுநூறில் பீறிட்டது என்று சொல்லச் சொல்ல, நிலவியல் படித்த அவளுக்குள் பூமி அடுக்கடுக்காகத் திறந்தது, கல்யாணமான புதிதில் அதைவிட நெருக்கமாக அவர்கள் எதையும் பேசிக்கொண்டதில்லை. "ஒருத்தரு போர் ஆழத்த இன்னொருத்தருகிட்டச் சொல்றது எங்க தொழில்ல இல்ல கண்ணு. உங்கிட்டங்கறதால சொல்றேன்."

உங்கிட்டங்கறதால… அவன் சொன்னதையும் தான் அளந்ததையும் சேர்த்தாள், தோட்டக்காரர்களின் பெயர்களை நீக்கினாள், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டாள், பூட்டி வைப்பதற்கா ஆய்வு? உங்கள் படத்தைப் பார்த்துப் போர் போடாமல் தப்பித்தோம் என்று முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தபோது கண் கலங்கியதே, அது பொய்யா? ஆனால் ஊர்க்காரர்களுக்குப் பெயர் எதற்கு, புள்ளி விழுந்த இடமே தோட்டம் யாருடையது என்று சொல்லிவிடும். ஊரில் சின்னண்ணன் என்பவருடைய தோட்டத்துப் புள்ளி சிவப்பு, அப்படியென்றால் தண்ணீர் இல்லை. அவர் மகன் நவீன்குமாருக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் அதைப் போனில் பார்த்தார்கள், தண்ணியில்லாத தோட்டத்துக்கு எப்படிங்க புள்ளையக் குடுக்கறது என்று நிச்சயத்தை நிறுத்திவிட்டார்கள். சின்னண்ணன், சிவக்குமாருக்கு மாமன் முறை, சத்தம் போடவில்லை. வந்து உட்கார்ந்தார், அவள் கொடுத்த காபியைக் குடித்தார், வரைபடத்தைப் போட்டது அவள்தான் என்று அவருக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் அவனைத்தான் கேட்டார். "போட்ட போரெல்லாம் பொய்ச்சது உனக்கும் எனக்குந்தான் தெரியும் மாப்ள. நீ யாருகிட்டயும் சொல்லலீன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடு, நா நம்பிக்கறேன்." சிவக்குமார் அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதற்குப் பிறகு சாப்பிடும்போது போர் பற்றிய பேச்சே கிடையாது, குழம்பில் உப்பு, மகள் நிலாவின் பள்ளி வேன், அவ்வளவுதான். இன்று காலை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது, பரிட்சைக்குப் போறவளாட்ட மூஞ்சிய வெச்சுக்காத என்று கேலி செய்தான், எத்தனை நாளாயிற்று அந்தக் கேலியைக் கேட்டு, பிறகு வண்டியை அணைக்காமலேயே கேட்டான், "அந்தப் படத்தப் போடறப்ப என்னைய நெனச்சியா கண்ணு?" பஸ் வந்துவிட்டது. நினைத்தாளா… நினைக்கவில்லை. கடைசிப் புள்ளியை வைத்ததும் நீர் எந்தப் பக்கம் இறங்கிப் போகிறது என்று முழுதாகத் தெரிந்தது, இது தெரிந்த முதல் ஆள் நான் என்று உடம்பு சிலிர்த்தது, அடுத்த கணமே அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், யாரிடமாவது, எல்லாரிடமும்… அந்த எல்லாரிலும் சிவக்குமார் இல்லை, சின்னண்ணன் இல்லை, அவளே கூட இல்லை. இதையா உள்ளே போய்ச் சொல்வது?

கதவு திறந்தது, பெயரைச் சொல்லி அழைத்தார்கள், எழுந்தாள். அவனுக்குக் கோபம்தான், ஆறிவிடும், பழையபடி பேசுவான் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். பேசினால்? இன்றைக்கே அவன் மனம் இளகி ஏதோ ஒரு தோட்டத்தைப் பற்றி ஆரம்பித்தால்… வேண்டாம், சொல்லாதே என்பாளா? மாட்டாள். கேட்பாள், கேட்டதை எழுதாமல் இருக்க அவளால் முடியாது. அது அவளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.