அடுப்படியின் கிழக்குச் சுவர்

எங்கள் வீட்டு அடுப்படியில் உச்சி வெயில் நேரத்திலும் டியூப்லைட் எரிய வேண்டும். கரண்டு போனால் போச்சு. பதினாறு வருஷமாகக் கடுகு வெடித்ததைக் காதால் கேட்டுத்தான் நான் தாளிக்கிறேன்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், தோட்டத்துக்கு நடுவே இருக்கும் செங்கல் வீடு இது. மாமனாரின் அப்பா கட்டியது. இந்தத் தை மாதம் வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று முடிவானதும், யார் யாருக்கு என்ன வேண்டும் என்று என் கணவர் கதிர்வேல் கேட்டார். மகள் கனிஷ்கா தன் ரூமோடு சேர்ந்த பாத்ரூம் கேட்டாள். மாமனார் சின்னுசாமி, இருக்கிற வீட்டுக்கு என்ன குறைச்சல் என்று கேட்டார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. அடுப்படிக்குக் கிழக்கே ஒரு சன்னல்.

"மண்ணு வெச்சுக் கட்டுன செவுருங்க அம்முணி. புதுசா சன்னலுக்கு ஒடச்சா, மேல இருக்கறது பொலபொலன்னு வந்துரும்" என்றார் முருகானந்தம் மேஸ்திரி.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் கணவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். டேப்பை இடுப்பில் செருகாமல் கோயிலுக்குக்கூடப் போக மாட்டார். அன்று அடுப்படியின் அகலத்தை அளந்தவர், மனையடி சாஸ்திரப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு முகம் வெளுத்துப் போனார்.

"ஒம்பதடி இருக்குது புள்ள. ஒம்பது ஆகாது. கெழக்குச் செவுத்த ஒட்டி உள்ளுக்குள்ள இன்னொரு செவுரு வெச்சா எட்டாயிரும். எட்டு ரொம்ப விசேசம்."

"ஏனுங்க, ஒம்பதடியிலயே திரும்ப முடியல. எட்டாக்குனா ஃபிரிட்ஜ எங்கீங்க வெக்கறது?"

"வெளிய வெச்சுக்கலாம்."

சன்னல் கேட்டவளுக்குச் சுவர்! எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டேன், தட்டு வைக்கும் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருந்தது. அந்தச் சுவர் எழும்பிவிட்டால் சாகிற வரைக்கும் அந்த இருட்டில்தான் நிற்க வேண்டும் என்று நினைக்கவே அழுகை வந்தது.

மூன்றாம் நாள், புதுச் சுவர் பிடிப்பதற்காகப் பழைய பூச்சைக் கொத்திவிட மேஸ்திரி வந்தார். ஓரத்தில் ஆரம்பித்தார். அப்போது என் மாமியார் பாவாயி உள்ளே வந்தார். கையிலிருந்த கரண்டியால் சுவரின் நடு மத்தியில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அந்த இடத்தில் சுத்தியலை வைத்தார். டொங்கென்று சத்தம் வந்தது.

நாலு செங்கல் விழுந்ததும் உள்ளே மரம் தெரிந்தது. இன்னும் நாலைந்து வரிசை விழுந்ததும் முழுச் சன்னலே தெரிந்தது. கம்பி, கதவு, மேலே அழகான செங்கல் வளைவு. வெளிப்பக்கம் தகரம் அடித்துச் சுண்ணாம்பு பூசியிருந்ததால் எங்கள் கண்ணில் இது பட்டதே இல்லை.

"அட! இது பொறவு வெச்ச செவுருங்க. நெசச் செவுரு பின்னால நிக்குது" என்று கத்தினார் மேஸ்திரி. "வளைவு வெச்சே கட்டியிருக்கறாங்க. இத எடுத்தா ஒண்ணும் ஆகாதுங்க."

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா? ஏன் சொல்லல?"

"நாப்பத்தி மூணு வருசமாச்சு சாமி. கதிர்வேலு தொட்டில்ல கெடந்தான். செவுரு வெச்சதுக்கு உங்க மாமன்கிட்ட ஆறு மாசம் சண்ட. அப்பறம், இனி இந்தச் சன்னலப் பத்தி வாயே தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிப்போட்டேன். இன்னிக்கும் தொறக்கல. தட்டத்தான் செஞ்சேன்."

எல்லோரும் மாமனாரைப் பார்த்தோம். அவர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கணக்கு ஒதைச்சுது, செவுரு வெச்சேன். இப்ப என்ன?"

மேஸ்திரி சன்னலுக்கு அடியில் தரை வரைக்கும் உடைத்து வழிவிட்டதும், கணவர் பின்னால் இருந்த சுவர் வரைக்கும் டேப்பை நீட்டினார். சரியாகப் பத்தடி. புத்தகத்தைப் பார்த்தார். பத்து நல்லது. அவர் முகம் மலர்ந்ததும், இரண்டு நாள் கோபம் எனக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"டேப்பு அளவு ஆரு கேட்டா?" என்றார் மாமனார். "மனையடிங்கறது மனுசன் காலடி." செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்து நடந்தார். மாமனார் குள்ளம், பாதமும் சின்னது. பன்னிரண்டு வந்தது. "பாத்துக்க. பன்னெண்டு ஆகாது. செவுரு வெச்சாத்தான் பதினொண்ணு."

கணவர் டேப்பைச் சுருட்டினார். அப்பா சொல்லை மீறி அவருக்குப் பழக்கமில்லை. மேஸ்திரி விழுந்த செங்கல்லை எடுத்து அடுக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க" என்று மாமியார் மாமனாரைக் கூப்பிட்டார். "நாப்பது வருசத்துல நீங்க இந்த அடுப்படிக்குள்ள எத்தன நாள் நின்னீங்க? இங்க நிக்கறது இவ. இவ காலால அளக்கட்டும்."

மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

நான் மேற்குச் சுவரில் குதிகாலை வைத்தேன். என் பாதம் மாமனாருடையதைவிடச் சின்னது. ஒட்டி வைத்தால் பதிமூன்று வரும், அதுவும் ஆகாது. முருகனை மனதில் நினைத்துக்கொண்டு ஒவ்வொரு அடிக்கும் நடுவே மூன்று விரல் இடம் விட்டேன். நைட்டி தரையில் புரண்டு பாதத்தை மறைத்தது. ஒன்று, இரண்டு என்று கனிஷ்கா உரக்க எண்ணினாள். சன்னலடியில் என் கட்டைவிரல் முட்டியபோது பதினொன்று.

"பதினொண்ணு!" என்று கணவர் குதித்தார். மாமனார் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். மாலைக்குள் உள்சுவரும் வெளித் தகரமும் முழுக்க இறங்கிவிட்டன. அந்தச் செங்கல்லே கனிஷ்காவின் பாத்ரூமுக்குப் போதும் என்றார் மேஸ்திரி.

சன்னல் கதவைத் தள்ளித் திறந்தேன். கொல்லிமலை அப்படியே எதிரில் நின்றது. மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதோரம் குனிந்தார்.

"எத்தன விரல் உட்ட?"

திருட்டு முழி முழித்தேன். "மூணுங்க அத்தை."

"செவுரு வெக்கறதுக்கு முந்தி நானும் இப்பிடி எடம் உட்டுத்தான் நடந்தேன் சாமி. சேலையத் தூக்கிச் சொருகியிருந்தேனா, உங்க மாமன் பாத்துப்போட்டாரு."