ஒரே ஓனர் வண்டி

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்த என் கணவர், காரிலிருந்து இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். பிஸ்கட் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. நண்பர்கள் வைத்த பெயர் 'ஸ்கேன்'. தக்காளி வாங்கப் போனால்கூட, "நீங்களே கூடைக்குள்ள இறங்கிடுங்க சார்" என்று கடைக்காரர் நொந்துபோகும் அளவுக்குப் புரட்டுவார். இதற்கு முன்னால் பார்த்த கார்களையெல்லாம் இவர் நோண்டி முடிப்பதற்குள் வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகளோ என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். மூன்று பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஒட்டிக்கொண்டு போவதைப் பார்த்துத் தெருவே சிரிக்கிறது. இந்த நீலக் காரையாவது விட்டுவிடக் கூடாது என்று எனக்கு ஆசை.

"பெல்ட் மட்டும் ஏன் புதுசா இருக்கு?" என்று கேட்டார்.

புரோக்கர் சளைக்கவில்லை. "பழசு நூல் பிரிஞ்சிருந்துச்சு சார், மாத்திட்டோம். ஒரே ஓனர் வண்டி. சர்வீஸ் ஹிஸ்டரி பாத்தீங்க, இன்ஷூரன்ஸ் பாத்தீங்க, ஒரு கீறல் கிடையாது. இன்னும் என்ன சார், வண்டிக்கு ரத்தப் பரிசோதனையா எடுக்கணும்?"

இவர் முன் கண்ணாடியின் மூலையில் உள்பக்கமாக ஒட்டியிருந்த ஒரு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வண்டி இடைஞ்சலாக இருந்தால் அழைக்கவும்' என்று குண்டு குண்டான கையெழுத்தில் எழுதி, கீழே ஒரு நம்பர் போட்டிருந்தது. வெயிலில் வெளுத்திருந்தாலும் படிக்க முடிந்தது. இறங்கி வந்து, புரோக்கருக்குத் தெரியாமல் அந்த நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய ஓனரின் அந்த நம்பரைக் கூப்பிட்டு, சமையலறை மேடையில் போனை வைத்து, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். வயதான குரல் ஒன்று எடுத்தது.

"சார், வணக்கம். கொஞ்சம் விசாரிக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

"விசாரிக்கவா? என்னையா?" குரல் தடுமாறியது. "யாருப்பா என்னை விசாரிக்கிறது? தம்பி... நம்ம பிரஸ்ல பைண்டிங்ல இருந்த தம்பியா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ம்" என்றார்.

அது ஆமாம் இல்லை, மேலே சொல்லுங்கள் என்று கேட்பதற்கான 'ம்' என்று பிற்பாடு என்னிடம் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் அது அப்படிப் போய்ச் சேரவில்லை. "ஏய், இங்க வா, அவன்தான்! அவனே பேசறான்!" என்று பெரியவர் யாரையோ கூப்பிட்டார். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு வாயைத் திறக்க இடமே கொடுக்கவில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன்ப்பா. அந்த கட்டிங் மெஷின் பிளேடு எங்கயும் போகல. பீரோவுக்குப் பின்னாடி விழுந்து கிடந்துச்சு. கிடைச்ச அன்னிக்கே உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். பூட்டிக் கிடந்துச்சு. எங்க போனன்னு யாருக்கும் தெரியல. இவ கேட்டுக்கிட்டே இருப்பா, அந்தப் பையன் கிடைச்சானான்னு. என்னை மன்னிச்சிருப்பா."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வெச்சிடுங்க, வெச்சிடுங்க என்று கையை ஆட்டினேன். இவருக்கும் முகம் வெளிறித்தான் போயிருந்தது. "அதெல்லாம் விடுங்க சார்" என்றார். அத்தோடு நிறுத்தியிருந்தால் இவரை நான் மனிதரில் சேர்த்திருப்பேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்ககிட்ட ஒரு நீலக் கார் இருந்துச்சாமே சார்?" என்று கேட்டார்.

மனப்பாரம் இறங்கிய மனிதர் எதைத்தான் மறைப்பார்? மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்ததையும், கார் சீட் உயரத்துக்கு முழுகிக் கிடந்ததையும், பெல்ட்டை இழுத்தால் சேறு சேறாக வந்ததையும், போகிற விலைக்குப் புரோக்கரிடம் தள்ளிவிட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவிக்கு மூட்டுவலி, கார் போனதிலிருந்து வெளியே போவதே நின்றுவிட்டது என்றார். கடைசியில், "ஞாயித்துக்கிழமை சம்சாரத்தோட சாப்பிட வா. வரலேன்னா இவ என்னைச் சும்மா விட மாட்டா" என்றார். வீட்டுக்கு வழியும் சொன்னார். இவர் அதைக் கேட்டுக்கொண்டார், வேறென்ன செய்வார்.

புரோக்கருக்குப் போன் போட்டு, தண்ணீரில் முழுகிய வண்டியை யார் தலையில் கட்டப் பார்க்கிறாய் என்று இவர் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அன்று சாயங்காலம் வரைக்கும் வெற்றி வீரர்தான். ராத்திரி தட்டில் கை வைத்தவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நான் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே" என்றார்.

"பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரிச்சுப் பாத்த மாதிரிதான் இது. அந்த மன்னிப்பு யாரோடது? அவர் இனிமே அந்தப் பையனைத் தேடுவாரா?"

"கூப்பிட்டு உண்மையைச் சொன்னா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரே."

"சொல்லலேன்னா?"

நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றார். மறுநாளும் அதையேதான் சொன்னார். ஒரு பெல்ட்டில் சந்தேகம் வந்ததற்காக ஊரையே துருவிய மனிதர், கையிலிருக்கும் போனைத் தொடப் பயந்து திரிந்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் நானாவது கூப்பிட்டேனா? அதுவும் இல்லை. பெரியவர் மறந்திருப்பார், சும்மா ஒரு பேச்சுக்கு அழைத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. இவர் நம்பரைப் பார்த்தார், என் கையில் திணித்தார், குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"அவன் சம்சாரமாம்மா? கிளம்பிட்டீங்களா? வழி தெரியலேன்னா நான் தெருமுனையில வந்து நிக்கறேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நாங்கள் அவர்கள் இல்லை, கார் வாங்குவதற்காக விசாரிக்கக் கூப்பிட்டோம், நீங்கள் வேறு யாரோ என்று நினைத்துவிட்டீர்கள், அப்போதே சொல்லியிருக்க வேண்டும், தப்பு எங்கள் மேல்தான். சொல்லி முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"அப்போ அவன் கூப்பிடவே இல்ல" என்றார் பெரியவர்.

"மன்னிச்சிருங்க ஐயா."

"வண்டியை வாங்கிடலையே?"

"இல்லீங்க."

"நல்லது. வாங்காதீங்கம்மா."

போனை எதன் மேலோ வைத்தார். கட் பண்ண மறந்துவிட்டார் போலிருக்கிறது. நானும் கட் பண்ணவில்லை. எங்கோ தள்ளியிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "என்னவாம்? எங்க வந்துட்டு இருக்காங்களாம்?"

"ஏதோ அவசர வேலையாம். இன்னொரு நாள் வர்றாங்களாம்."

"பரவாயில்ல, வரட்டும். அவனுக்கு மனசுல கோபம் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. எப்பவோ மறந்துட்டானாம்."

அதற்குப் பிறகு மேஜையில் போட்டிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.