பிரேக் ஆயில்காரன்

அண்ணன் உள்ளே இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி டோன்கா சமையலறையில் நின்று அவருடைய கடைசிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டை, காலர் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. அந்தக் காலரை அவள் மூன்றாவது முறையாக அழுத்தித் தேய்த்தபோது, மேஜையோரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஸ்பாஸுக்குக் கோபம் வந்தது.

"உயிரோட இருக்காரு, அண்ணி."

"இருக்காருதான். போன பிறகு நாலு மாடி ஏறி ஊரே வரும். அப்ப நான் இஸ்திரிப் பெட்டியத் தேடிக்கிட்டு நிக்கணுமா?"

அவளிடம் பேசி ஜெயித்தவர் யாரும் கிடையாது. அண்ணன் ரங்கேல்கூட வாயை மூடிக்கொண்டுதான் நாற்பது வருஷம் சமாளித்தார்.

விடிந்தும் விடியாமலும் அவளே போன் செய்திருந்தாள். "வந்து சேரு. அவருகிட்ட நான் சொல்லல." அவ்வளவுதான். ஸ்பாஸின் வீடு மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, டான்யூப் கரைப் பக்கம். அந்த மூன்று நிறுத்தத்தைக் கடக்கப் பதினான்கு வருஷம் பிடித்தது. நடுவில் போன் செய்து பார்த்திருக்கிறான். அண்ணன் எடுப்பார், குரலைக் கேட்பார், வைத்துவிடுவார். கோபமாகக்கூட வைக்கமாட்டார். தவறான எண்ணுக்கு வந்த அழைப்பை வைப்பதுபோல வைப்பார்.

எதிர்வீட்டு கினா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையில் சாவு வீட்டில் வேகவைத்துப் பங்கிடும் கோதுமை, ஒரு பொட்டலம் சர்க்கரை. இவளும் முன்கூட்டியே வந்துவிட்டாள் என்று ஸ்பாஸ் நினைத்துக்கொண்டான்.

"ஓ, வந்துட்டியா தம்பி? நல்லதாப் போச்சு. மூணு நாளா இழுத்துக்கிட்டு கெடக்காரு மனுஷன். பாதிரியார் வந்துட்டுப் போயாச்சு. தபால்காரன்ல இருந்து, வண்டிய வாசல்ல நிறுத்துறான்னு சண்டை போட்ட கீழ்வீட்டுக்காரன் வரைக்கும் எல்லாரையும் கூப்பிட்டு மன்னிச்சாச்சு. ஒருத்தன் மட்டும்தான் பாக்கி. அதான் உயிரு போகமாட்டேங்குது."

"கினா, போதும்" என்றாள் டோன்கா.

"நானா சொல்றேன்? ஊருல எல்லாருக்கும் தெரியும். மன்னிக்காத உயிரு வாசல்லயே நிக்கும்."

ஸ்பாஸ் கோவிலுக்குப் போகிறவன் இல்லை. உயிர் வாசலில் நிற்கும் என்பதையெல்லாம் நம்புகிறவனும் இல்லை. ஆனால் அண்ணன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போய்விட்டால் மிச்ச நாளை எப்படி ஓட்டுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு அறுபத்தொன்று ஆகிறது. பயமாக இருந்தது.

டோன்கா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். "கேட்டுட்டு வரேன்."

அவள் உள்ளே போன அந்த இரண்டு நிமிஷத்தில் ஸ்பாஸ் கதவிடுக்கில் காதை வைக்காத குறை. அவள் குரல் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு இருமல். திரும்பி வந்தவள் அவனைப் பார்க்காமல் கோதுமையை எடுத்துப் பாத்திரத்தில் கொட்டினாள்.

"என்ன சொன்னாரு?"

"'அந்த பிரேக் ஆயில்காரனா'ன்னு கேட்டாரு. போகச் சொல்லுன்னாரு."

ஸ்பாஸ் போகவில்லை.

பிரேக் ஆயில் கதை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும், கினாவுக்கும் தெரியும். அண்ணன் தம்பி இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே மாடல் கார் பைத்தியம். உள்ளங்கையில் அடங்குகிற கார்கள். கதவு திறக்கும், பானெட் திறக்கும். உடைந்ததை வாங்குவார்கள், பழைய பெயிண்டை உரிப்பார்கள், நசுங்கலைத் தட்டி நிமிர்த்துவார்கள், புதிதாக அடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஊரில் யார் வீட்டுப் பரணில் கார் கிடைத்தாலும் இவர்களிடம்தான் வரும். அண்ணனுக்குப் பொறுமை, தம்பிக்குக் கை. அப்படித்தான் பேசிக்கொள்வார்கள்.

அண்ணனிடம் ஒரு கார் மட்டும் ரிப்பேருக்குப் போகாமல் அலமாரியில் இருந்தது. பச்சை மாஸ்க்விச், பழைய ரஷ்யக் காரின் மாடல். அது நெவெனாவின் கார். அண்ணனின் ஒரே மகள், ஆறு வயதில் மூளைக்காய்ச்சலில் போனவள். பொம்மையைத் தொடமாட்டாள், அப்பாவின் காரைத்தான் தூக்கிக்கொண்டு திரிவாள். சுவரோரமாக ஓட்டி ஓட்டி ஒரு பக்கப் பெயிண்ட் உலோகம் தெரியும்வரை தேய்ந்திருந்தது. முன் பம்பரில் கடித்த தடம்.

அண்ணனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று ஸ்பாஸ் யோசித்து யோசித்துப் பார்த்தான். கடைசியில் யாருக்கும் தெரியாமல் அந்தக் காரை எடுத்துப்போனான். பெயிண்ட் உரிய இரண்டு நாள் பிரேக் ஆயிலில் ஊறப்போட்டான். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தான். பச்சை மங்கலாக இருக்கிறது என்று, வெளிநாட்டிலிருந்து வந்த கருநீலத்தை நான்கு பூச்சு அடித்தான். பம்பர் புதுசு, டயர் புதுசு. அவன் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக ஒரு கார் அமைந்ததில்லை. மூன்று வாரமாக அண்ணன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தார் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. விருந்தில் துணியை விலக்கி அவன் காட்டியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "பழைய பெயிண்ட் எங்க?" என்று கேட்டார். ஸ்பாஸ் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சாக்கடையில ஊத்திட்டேன், அண்ணே."

சிரித்துக்கொண்டே சொன்னான். அதை நினைத்தால் இன்றும் அவனுக்கு உடம்பு கூசும். வேறு யாராவது என்றால் அந்தக் காரைப் பார்த்ததும் குழந்தை ஞாபகம் வந்திருக்கும். அவன் கண்ணுக்குப் பெயிண்ட் போன இடம்தான் தெரிந்தது.

உள்ளேயிருந்து கட்டில் கட்டையைத் தட்டும் சத்தம் வந்தது. டோன்கா ஓடினாள். கினா சிலுவை போட்டுக்கொண்டாள். ஸ்பாஸ் எழுந்து நின்றான்.

டோன்கா வாசலில் வந்து நின்றாள். முகத்தில் குழப்பம். "பூதக்கண்ணாடி வச்சிருக்கியான்னு கேக்குறாரு."

"என்ன?"

"எனக்கென்ன தெரியும்? வச்சிருந்தா உள்ள வரச் சொன்னாரு. இல்லைன்னா அப்படியே போகச் சொன்னாரு."

சாவிக்கொத்தோடு ஒரு மடக்குப் பூதக்கண்ணாடி எப்போதும் அவன் பையில் கிடக்கும். எடுத்துக் காட்டினான். அண்ணி அதைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் எடுத்து அவன் கோட்டுப் பைக்குள் திணித்தாள்.

"நான் கோதுமைய அடுப்புல வச்சுட்டு வரேன். மூச்சு மாறுச்சுன்னா உடனே பத்தவச்சு அவரு கையில குடு. வெளிச்சம் இல்லாம அவர அனுப்பிடாத. கேட்டியா?"

"கேட்டேன்."

அண்ணன் பாதியாகியிருந்தார். மூக்கும் கண்ணும்தான் மிச்சம். கட்டிலருகே முக்காலியில் அந்தக் கருநீல மாஸ்க்விச், கண்ணாடிப் பெட்டி இல்லாமல்.

"அண்ணே."

"இடது கதவத் திற."

ஸ்பாஸ் முக்காலி முன் மண்டியிட்டான். விரல் நகத்தால் முன்கதவை மெல்ல இழுத்தான்.

"கீலுக்குள்ள பாரு. வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பாரு, முட்டாள்."

பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டினான். கருநீலம். அவன் அடித்த கருநீலம்தான். இன்னும் கொஞ்சம் திருப்பினான். கீலின் உள்மடிப்பில், டூத்பிரஷ் போகாத, ஸ்ப்ரேயும் எட்டாத இடுக்கில், ஒரு எள் அளவுக்கு வேறு நிறம்.

"தெரியுதா?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"பச்சை" என்றான் ஸ்பாஸ். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"வேலை தெரிஞ்சவன்னா கதவக் கழட்டிட்டு உரிச்சிருப்பான்." அண்ணன் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினார். "நீ கழட்டல. பிறந்தநாளுக்கு அவசரம். அரைகுறை வேலை."

"ஆமா அண்ணே. அரைகுறை."

"எப்பவுமே நீ அரைகுறைதான்."

"எப்பப் பாத்த இத?"

"பத்து வருஷம் இருக்கும்."

ஸ்பாஸ் கண்ணாடியைக் கீழே இறக்கினான். அழுகை வந்த இடத்தில் இப்போது கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவர்மேல் வரக்கூடாத கோபம், ஆனாலும் வந்தது. "பத்து வருஷமா? நான் போன் பண்ணும்போதெல்லாம் இது உனக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணே!"

"போன்ல கீலக் காட்ட முடியுமா?" என்றார் அண்ணன். "மூணு ஸ்டாப்பு. வந்து கதவத் தட்டுனியா நீ?"

தட்டியிருக்கலாம்தான். வாசலிலேயே துரத்திவிடுவாரோ என்று பயந்து பதினான்கு வருஷம் போன் செய்துகொண்டிருந்தான்.

"மன்னிச்சிடு, அண்ணே."

அண்ணன் கூரையைப் பார்த்தார். தபால்காரனுக்குச் சொன்ன வார்த்தை, கீழ்வீட்டுக்காரனுக்குச் சொன்ன வார்த்தை. ஸ்பாஸ் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டோன்கா இத என்கூடச் சவப்பெட்டிக்குள்ள வைக்கணும்கிறா. வேண்டாம். ஈரம் பட்டா இந்த உலோகம் பொரிஞ்சு போயிடும். நீ எடுத்துட்டுப் போ."

"நானா?"

"நீதான். ஆனா ஒரு வேலையும் செய்யக் கூடாது. தூசி தட்டு, போதும். பிரஷ்ஷ எடுத்த, பாலிஷ எடுத்த, குழியில இருந்து எந்திரிச்சு வருவேன்."

"தொடமாட்டேன்."

"சத்தியம் பண்ணாத. உன்னால முடியாது. முயற்சி பண்ணு." கண்ணை மூடிக்கொண்டார். "கதவ மூடு. மெதுவா. வேகமா மூடுனா உள்ள இருக்கறது உரசிடும்."

ஸ்பாஸ் குனிந்தான். பூதக்கண்ணாடியை மறுபடி கண்ணில் வைத்தான். கீல் பழசு, நடுவில் ஒரு இடத்தில் சிக்கியது. அழுத்தினால் பச்சை போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டு, கதவை மயிரளவு தூக்கி, உள்ளே தள்ளி, மறுபடி தூக்கி, மறுபடி தள்ளினான். எள் அளவுப் பச்சை நகர்ந்து, நிழலுக்குள் போய், மறைந்தது. கதவு சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. அவன் வாழ்க்கையில் எந்த வேலையும் இவ்வளவு கவனமாகச் செய்ததில்லை.

"மூடிட்டேன் அண்ணே. உரசல."

அறை ரொம்ப அமைதியாக இருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, அந்த அமைதி வந்து கொஞ்ச நேரம் ஆகிவிட்டதென்று.

டோன்கா கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். தரையில் மண்டியிட்டிருந்தவனின் கையில் பூதக்கண்ணாடி, கோட்டுப் பையில் பற்றவைக்காத மெழுகுவர்த்தி.

"பாவி" என்றாள். "அடப் பாவி. உன்கிட்டதானே சொல்லிட்டுப் போனேன். அந்தக் காரையேதான் பாத்துக்கிட்டு இருந்தியா? பக்கத்துல மனுஷன் போறது தெரியலையா உனக்கு?"

அவன் பையிலிருந்து அவள் மெழுகுவர்த்தியைப் பிடுங்கி, மூன்று குச்சி வீணாக்கி, நான்காவதில் பற்றவைத்து, அண்ணனின் விரல்களை மடக்கிப் பிடிக்கவைத்தாள். அவர் விரல் நிற்கவில்லை. தன் கையையும் சேர்த்து வைத்துக்கொண்டாள். மெழுகு இருவர் கைமேலும் சொட்டியது. உயிர் வெளியே போக ஜன்னலைத் திறக்கச் சொல்லி கினாவிடம் கத்தினாள். கினா ஓடிவந்து திறந்தாள். கீழே யாரோ கம்பளம் தட்டும் சத்தம் உள்ளே வந்தது.

டோன்கா திரும்பாமலே கேட்டாள்: "மன்னிச்சாரா?"

"வேலை அரைகுறைன்னாரு."

டோன்காவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"அந்த முக்காலிய நகத்து. நானும் கினாவும் அவரக் குளிப்பாட்டணும்" என்றாள். "நீ சமையலறையில உக்காரு. கோதுமைய அடி பிடிக்காம கிண்டு. அதையாவது பாத்துக்க."

ஸ்பாஸ் காரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய்ச் சமையலறை மேஜைமேல் வைத்தான். அடுப்பைக் குறைத்துவிட்டுக் கோதுமையைக் கிண்டினான். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், கினா எதற்கோ விசும்பும் சத்தம். மதிய வெயில் ஜன்னல் வழியாக மேஜைக்கு வந்து, மெதுவாகக் காரின் மேல் ஏறியது.

கரண்டியோடு அவன் நின்றான். காரின் கூரையில் பின்பக்கம், வலது ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில் ஒரு தூசி. பதினான்கு வருஷத்துக்கு முன் நான்காவது பூச்சில் விழுந்திருக்க வேண்டும். அன்று விருந்து விளக்கில் தெரிந்திருக்காது. கடுகில் பாதி. நனைத்த உப்புத்தாளால் நான்கு தேய்ப்பு, மேலே ஒரு பாலிஷ், பத்து நிமிஷ வேலை. அவன் கட்டைவிரல் தானாகவே அந்த இடத்தின்மேல் போய் நின்றது.

ஸ்பாஸ் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டான். இரண்டு கைகளையும் கோட்டுப் பைகளுக்குள் ஆழமாகத் திணித்துக்கொண்டு, வெயில் கூரையிலிருந்து இறங்கும்வரை அந்தக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுப்பில் கோதுமை அடி பிடிக்கும் வாசனை வந்தது.