சொந்தக்காரருக்குப் புள்ளி இல்லை

லக்சம்பேர்க் என்றொரு நாடு இருப்பதே எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் மலிவாகப் பெற்றோல் அடிக்கிற இடம் என்றுதான் சொல்வார்கள். அந்த நாட்டிலும் தமிழர் இருந்தார்கள். பன்னிரண்டே குடும்பம். அந்தப் பன்னிரண்டும் சேர்ந்து 1996இல் போட்ட ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கைகால் பரபரக்கும்.

அந்த ஒக்டோபரில் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஐரோப்பியத் தமிழர் பாட்டுப்போட்டி. நாட்டுக்கு ஒரு பாட்டு, அதுவும் சொந்தமாகக் கட்டிய புதுப்பாட்டு. பிரான்ஸ், சுவிஸ், நோர்வே, ஜேர்மனி எல்லாம் பெயர் கொடுத்துவிட்டன. லக்சம்பேர்க்கும் வரும் என்று அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் தலைவர் மாதிரியிருந்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை தொலைபேசியில் அடித்துச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் பாட்டு எங்கே, பாடுகிற ஆள் எங்கே என்று தேடத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் எதையும் அப்படித்தான் தொடங்குவார்கள்.

அங்கே அவர்களுக்கு மண்டபம் இல்லை. மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசைக்கு எல்லை தாண்டி ஜேர்மனியில் எங்கள் ட்ரியர் நகரத்துக்குத்தான் வருவார்கள். ஆகவே பாட்டைத் தெரிவு செய்வதும் பூசை முடிய எங்கள் பங்கு மண்டபத்தில் என்று முடிவாயிற்று. புள்ளி எண்ண என்னைப் பிடித்தார்கள். மலர் இளவாலைக்காரி, எங்களோடு கொண்டான் கொடுத்தான் இல்லை, ஒருபக்கம் சாயமாட்டாள் என்றார் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை. அவருக்கு அதுதான் பெரிய கவலை.

காரணம் இருக்கிறது. முந்தின நத்தாருக்கு நடந்த கரோல் போட்டியில் அவரவர் தங்கள் தங்கள் சொந்தத்துக்கே பரிசு கொடுத்தார்கள் என்று சண்டை மூண்டு, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் பாதிப்பேர் பாதிப்பேரோடு கதைக்கவில்லை. அதனால் இந்தமுறை அண்ணை ஒரு சட்டம் போட்டார். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் எழுந்து ஒரு பாட்டுக்குத் தங்கள் புள்ளியைச் சொல்லலாம். சொந்தக்காரருக்கு மட்டும் போடக்கூடாது. எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். நானும் தட்டினேன், யோசிக்கவில்லை.

பாடியது மூன்று பேர். ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையின் மகள் மெலனி, கீபோட் வாசிக்கிற பென்ஜமின், பிறகு பற்றிமா.

பற்றிமா மன்னார் பேசாலைப் பெண். முப்பது தாண்டிய ஒற்றை ஆள். பன்னிரண்டு குடும்பம் என்று கணக்குச் சொன்னேனே, அதில் பன்னிரண்டாவது குடும்பம் அவள்தான். மற்றப் பதினொன்றும் யாழ்ப்பாணத்துப் பாசையூர். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. கெல்சென்கிர்ச்சன் மேடையில் பாடவேண்டும் என்று அவள் பட்ட ஆசை கொஞ்சநஞ்சமல்ல. சலவை மெசின் சுற்றுகிற தாளத்தில் பாட்டைக் கட்டி, ஒவ்வொரு வரி முடியவும் எனக்குத் தொலைபேசியில் பாடிக் காட்டினாள். தெரிவு நாளுக்கு முதல்நாள் மட்டும் குரல் இறங்கிவிட்டது. “எனக்கு ஆர் அக்கா போடப்போகினம்? அங்கை எல்லாரும் ஒரே ஆக்கள்” என்றாள். விசர்க்கதை கதைக்காமல் தொண்டைக்குச் சுடுதண்ணி குடி என்று பேசிவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அவள் கேட்டதற்கு என்னிடமும் ஒரு பெயர் இருக்கவில்லை.

மெலனி தாய்மொழியைப் பற்றி அழகாகப் பாடினாள். பென்ஜமின் பாசையூர்க் கடலைப் பற்றிப் பாடி, கீபோட்டில் அலைச் சத்தமும் விட்டான். மண்டபம் விசிலடித்தது. கடைசியாகப் பற்றிமா வாத்தியம் எதுவும் இல்லாமல் வந்து நின்று, மேசையில் விரலால் தட்டிக்கொண்டு பாடினாள்.

“எந்த நாட்டு ஆள் படுத்தாலும்
விரிப்பிலே ஒரே சுருக்கம்.”

முதலில் சிரித்தார்கள். இரண்டாவது முறை அந்த வரி வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. மூன்றாவது முறை பின்வரிசைப் பெண்கள் தாங்களும் தட்டத் தொடங்கினார்கள். 

பிறகு புள்ளி. முதலில் லூர்தம்மா அக்கா எழும்பி, மெலனி என்றார். நான் எழுத முதலே பென்ஜமினின் மனைவி எழும்பிவிட்டாள். லூர்தம்மாவின் காலஞ்சென்ற கணவருடைய தமையன் ஸ்ரனிஸ்லாஸின் சின்னம்மாவைக் கட்டியவர், அது செல்லாது என்றாள். வெட்டினேன். அடுத்த வீட்டார் பென்ஜமினுக்குப் போட்டார்கள். அவன் உங்களுக்கு ஒன்றுவிட்ட மச்சான் என்றார் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை. வெட்டினேன். அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே. முறை தேடுவதென்றால் எங்கள் ஆட்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம். பெறாமகள், சகலன், பூட்டியின் தங்கை என்று யாழ்ப்பாணத்துக் கல்லறைகளையெல்லாம் கிளறி, ஒருவர் புள்ளியை ஒருவர் விழுத்தினார்கள். ஒருவர் மற்றவரை ஊரிலிருந்து கூப்பிட்டு எடுத்து, ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்த பதினொரு குடும்பம். சொந்தமில்லாத ஒருவரையாவது எங்கே போய்த் தேடுவது? எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனை தாளைக் கிழித்தது.

மண்டபத்துக்கு மெல்ல விளங்கியது. எல்லோரும் புள்ளி போடக்கூடிய ஆள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மிஞ்சியிருந்த ஒரு குடும்பத்துக்காரர் எழும்பி, கசாயம் குடிக்கிற முகத்தோடு, “அப்ப பற்றிமாவுக்கே போடுங்கோ” என்றார். அடுத்தவரும் அதே முகத்தோடு அதையே சொன்னார்.

எனக்குச் சந்தோசம் பொங்கியது. பற்றிமா போகப்போகிறாள். அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் கறுத்துப் போயிருந்தது.

“மலரக்கா, நிப்பாட்டுங்கோ” என்று முன்னுக்கு வந்தாள். “பாட்டுக்குப் போடுறதெண்டால் போடுங்கோ. நான் ஒருத்தருக்கும் சொந்தமில்லை எண்டதுக்காகப் போடுற புள்ளியிலை எனக்குப் போக ஏலாது.”

அவள் கைப்பையை எடுத்துவிட்டாள். இவ்வளவு ஆசைப்பட்டவள் கையில் கிடைத்ததை விட்டுவிட்டுப் போகிறாளே என்று எனக்கு அழுகை வந்தது.

அப்போது லூர்தம்மா அக்கா கதிரையைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் எழும்பினார்.

“பற்றிமாவுக்குப் போட்டதும் செல்லாது” என்றார். “எனக்கு முழங்கால் ஒப்பரேசன் நடக்கேக்கை ஆஸ்பத்திரியிலை என்னோடை கிடந்தது ஆர்? நீங்கள் ஆரும் வந்தனீங்களே? அவள் என்ரை பிள்ளை. என்ரை பிள்ளையெண்டால் உங்கள் எல்லாருக்கும் சொந்தம். வெட்டு, மலர்.”

இந்த மனுசி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குள் பின்வரிசையில் இருந்த பிளோறன்ஸ் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டாள். தன் மகனுக்குப் பற்றிமாதான் ஞானத்தாய், ஆகவே தங்களுக்கும் அவள் சொந்தம் என்றாள். அகதி முகாமில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் நாங்கள், அவ எனக்கு அக்கா முறை என்றான் பென்ஜமின். ஒவ்வொருவராக எழும்பி உரிமை கொண்டாடினார்கள். கொஞ்சம் முன் சொந்தம் சொல்லிப் புள்ளி வெட்டிய அதே வாய்கள்தான். பற்றிமா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றாள்.

என் தாளில் ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை. எல்லோரும் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையைப் பார்த்தார்கள். சட்டம் அவருடையது. போட்டியிட்டது அவருடைய மகள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

“சரி” என்றார். “சொந்தக்காரருக்கே போடுங்கோ. பாட்டை நினைச்சுக் கையைத் தூக்குங்கோ.”

மெலனிக்கு மூன்று வீட்டுக் கை. பென்ஜமினுக்கு இரண்டு. பற்றிமா என்று நான் சொல்லி முடிக்கவில்லை, மெலனியே மேடையில் நின்றபடி கையைத் தூக்கிவிட்டாள். அதைப் பார்த்துவிட்டு அவளுடைய அப்பாவும் தூக்கினார். நான் எண்ணினேன், சந்தோசத்தில் கணக்குப் பிழைத்தது, திரும்ப எண்ணினேன். அதற்குள் பின்வரிசைப் பெண்கள் மேசையில் தட்டி அந்தப் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அதற்குமேல் எண்ண என்ன இருக்கிறது?

ஒக்டோபரில் நானும் கெல்சென்கிர்ச்சனுக்குப் போனேன். ஜேர்மனிக்காரருக்கு ஒதுக்கிய வரிசையில் என்னை இருத்தினார்கள். லக்சம்பேர்க் என்று அறிவித்ததும் நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். பக்கத்தில் இருந்த அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தார். “பிள்ளை ஜேர்மனி அல்லோ? அந்தப் பாடுற பிள்ளை உமக்கு என்ன முறை?” என்று கேட்டார்.

மேடையில் பற்றிமா மேசைமேல் விரல் வைத்துவிட்டாள்.

“முறை கட்டாயம் இருக்கும், அம்மா” என்றேன். “பாட்டு முடியட்டும், தேடிச் சொல்லுறன்.”