சந்தனம் குடித்த சுவிட்ச்

உக்கிரபாண்டியின் ஐஸ் பேக்டரியில் கரண்டு நின்றால் முதல் திட்டு மின்சார வாரியத்துக்கு இல்லை, தங்கப்பொண்ணுக்குத்தான். அதற்கெல்லாம் அவள் அசருகிற ஆளா? சேலைக்கு மேலே காக்கிச் சட்டை, இடுப்பில் டெஸ்டர், காலில் ரப்பர் செருப்பு. அவள் ஆனையூர் ரோட்டில் வருவதைப் பார்த்தாலே டீக்கடைப் பெஞ்சில் இருக்கிறவர்கள், "அந்தா வருதுய்யா பொம்பள வயர்மேன்" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். அவள் காதில் விழும். விழட்டுமே! கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவன் வயலில் நாற்று நட்டே முதுகு வளைந்தவர்களின் மகள், அத்தனை பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பை முடித்தவள். அந்தச் சர்டிபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தாள். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவள் புருஷன் சின்னானுக்கும் அங்கேதான் வேலை. தொட்டிக் கூடத்தில் ஐஸ் டப்பா தூக்குகிறவன். ஐஸ் பேக்டரி என்றால் வெளியே இருக்கிறவனுக்கு ஜில்லென்று இருக்கும். உள்ளே வந்து பார்த்தால்தான் தெரியும் அந்தப் பாடு. பெரிய தொட்டி நிறைய உப்புத் தண்ணீர், அதில் வரிசையாக முங்கிக் கிடக்கும் தகர டப்பாக்கள், தரை முழுக்க எப்போதும் சொதசொதவென்று ஈரம். செருப்புப் போட்டால் வழுக்கும் என்று எல்லாரும் வெறுங்காலோடுதான் நடப்பார்கள். மேலே லைட்டு, பக்கத்தில் மோட்டார், காலுக்குக் கீழே உப்புத் தண்ணீர். எமன் வேறு எங்கே போய் உட்காருவான்?

முந்தின வருஷம் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் ஒருத்தன் மோட்டாரைப் பிடித்தபடியே செத்துப்போனான். அன்றைக்குப் போய் முதலாளி மேசைக்கு முன்னால் நின்றவள்தான் தங்கப்பொண்ணு, அவர் ஒரு டிரிப் சுவிட்ச் வாங்கிக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தாள். கரண்டு எங்கேயாவது கசிந்து ஆள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கினால், கண்ணை மூடித் திறப்பதற்குள் அந்தச் சுவிட்ச் 'டக்' என்று விழுந்து மொத்தக் கூடத்தையும் நிறுத்திவிடும். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதன் நெஞ்சிலேயே ஒரு சின்ன பட்டன். கரண்டு ஓடும்போது அதை அமுக்கினால் சுவிட்ச் விழ வேண்டும். விழுந்தால் நல்லது, விழாவிட்டால்தான் ஆபத்து. இந்த ஒன்றை மட்டும் அந்தப் பேக்டரியில் யாருக்கும் புரியவைக்க அவளால் முடியவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, சுவிட்சும் அவளைப் படாத பாடு படுத்தியது. எலி கடித்த வயர், தண்ணீர் இறங்கிய பல்பு ஹோல்டர் என்று எது கிடைத்தாலும் விழுந்துவிடும். ஒவ்வொரு தடவையும் கசிவு எங்கே என்று அவள் கண்டுபிடித்துக் காட்டினாள். நன்றி சொன்னது யார்? கூடத்து மேஸ்திரி பேயாண்டி அதற்கு 'மூதேவி' என்று பெயரே வைத்துவிட்டான். மாதா மாதம் அவள் பட்டனை அமுக்கிப் பார்க்கிற அன்றைக்கெல்லாம் கூடம் இருட்டாகும், உள்ளே இருந்து வசவு கிளம்பும். கடைசியில் முதலாளி, டப்பா தூக்குகிற நேரத்தில் இன்னொரு முறை வேலை நின்றால் அதைக் கழற்றித் தெருவில் எறிந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். உக்கிரபாண்டி பேருக்கேற்ற ஆள். சொன்னால் செய்வார்.

இப்படி இருக்கும்போதுதான் ஆயுத பூசை வந்தது. தங்கப்பொண்ணு அப்பன் வீட்டுப் பூசைக்கு ஊருக்குப் போயிருந்தாள். பேக்டரியில் வழக்கம்போல மெயினை நிறுத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, தரை முதல் கூரை வரை பளபளவென்று ஆக்கினார்கள். மோட்டார், டப்பா, கொக்கி, தராசு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. ஆயுதத்துக்கு ஓய்வு கொடுத்தாயிற்று, மறுநாள் விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் திரும்ப ஓட்ட வேண்டும். அது திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்கு முன்னால் மோட்டார் ஓடியாக வேண்டும்.

விடிந்ததும் எல்லாரும் கூடிவிட்டார்கள். வாசலில் சோடாக் கடைக்காரர்கள், மீன்காரர்கள் என்று வண்டிகள் வரிசை கட்டி நின்றன. இரண்டு நாளாக ஐஸ் இல்லாமல் காய்ந்து போனவர்கள். போன வாரத்து ஐஸ் தொட்டிக்குள் தயாராகக் கிடந்தது, நல்ல நேரத்தில் மோட்டாரை ஓட்டிவிட்டுத் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. சூடம் கொளுத்தியாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. மெயினைப் போடச் சொல்லி முதலாளி கையைக் காட்டினார். விடிகாலை பஸ்ஸில் ஊரிலிருந்து திரும்பியிருந்த தங்கப்பொண்ணு மெயினைப் போட்டாள். ஆனால் மோட்டார் பக்கம் போகாமல், நேராகப் போய் டிரிப் சுவிட்சின் பட்டனை அமுக்கினாள்.

சுவிட்ச் விழவில்லை.

திரும்ப அமுக்கினாள். பட்டன் உள்ளே போனது, வந்தது. லைட்டெல்லாம் கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டே இருந்தது. கூடத்தில் இருந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பூசை போட்டதில் மூதேவிக்கும் நல்ல புத்தி வந்துவிட்டது என்றான் பேயாண்டி. முதலாளி முகத்திலும் ஒரு திருப்தி.

"அதான் விழலயேத்தா, நல்லதுதான? மோட்டாரப் போடு."

"விழணும் முதலாளி. அமுக்குனா விழுந்தாகணும். இது செத்துப்போச்சு."

நல்ல நாளும் பொழுதுமாக வாயில் வருகிற வார்த்தையா அது! சுற்றி நின்றவர்கள் முகம் சுண்டியது. வாயைக் கழுவச் சொன்னான் பேயாண்டி. அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையிலிருந்து வயர் கோத்த பல்பு ஒன்றை எடுத்தாள். ஒரு முனையைக் கரண்டிலும் மறு முனையைப் பூமிக்குப் போகிற எர்த்துக் கம்பியிலும் வைத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது. எரிகிறதே, பிறகென்ன என்றார்கள். அவளுக்கு வந்ததே கோபம்!

"இது எரியக் கூடாதுய்யா. இம்புட்டுக் கரண்டு தரைக்குப் போகுது, சுவிட்சு சும்மா நிக்குது. இந்தப் பல்பு இருக்கிற எடத்துல ஒரு ஆளு நின்னாலும் இப்படித்தான் சும்மா நிக்கும்."

சொல்லும்போது அவள் கண் தன்னை அறியாமல் சின்னானின் காலுக்குப் போனது. ஈரத்தில் ஊறி வெளுத்துப்போன வெறுங்கால்.

முதலாளிக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கடிகாரம் ஏழைத் தாண்டிவிட்டது, வாசலில் வண்டிக்காரர்கள் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு ஒரு நாள் சுவிட்சை விட்டுவிட்டு நேராகக் கரண்டு கொடுத்துவிடு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தன்மையாகத்தான் சொன்னார். எல்லாரும் சொல்கிற வார்த்தைதான் அது. சாயப்பட்டறையிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

தங்கப்பொண்ணு மெயினை நிறுத்தினாள். பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் வைத்து முடிந்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"பீசு என் மடியில இருக்கு முதலாளி. இது விழாம நான் தர மாட்டேன். அவசரம்னா வேற வயர்மேனக் கூட்டியாந்துக்கங்க."

உக்கிரபாண்டி முன்னால் அப்படிப் பேசிவிட்டு அதே வாசலில் மறுநாள் வேலைக்கு வந்தவர்கள் யாரும் கிடையாது. பேயாண்டி பாய்ந்து போய்ச் சின்னானைப் பிடித்தான். உன் பெண்டாட்டிக்குப் புத்தி சொல்லு, இரண்டு பேர் பிழைப்பும் போகப் போகிறது என்றான். சின்னான் பொதுவாக வாய் பேசுகிறவன் இல்லை. வீட்டில் அவனுக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"அவ வேணாங்கிறப்ப நான் எப்படிண்ணே உள்ள எறங்க?"

சொல்லிவிட்டுக் கூடத்தை விட்டு வெளியே வந்து நின்றான். அவன் பின்னாலேயே மற்ற டப்பாக்காரர்களும் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். தங்கப்பொண்ணுக்கு நெஞ்சு விம்மியது. கட்டினாலும் கட்டினோம், சரியான ஆளைத்தான் கட்டியிருக்கிறோம் என்று அந்த நெருக்கடியிலும் நினைத்துக்கொண்டாள்.

ஆத்திரத்தில் முதலாளி சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். போன மாதம் வரை நன்றாக இருந்தது எப்படிச் செத்தது என்று கேட்டார். அவள் டார்ச்சை அடித்தாள். மூடியைக் கழற்றி உள்ளே காட்டினாள். முன்பக்கம் வைத்த சந்தனம் தண்ணியாக இருந்திருக்கிறது. பட்டன் ஓரமாகவும் கைப்பிடிச் சந்து வழியாகவும் வழிந்து உள்ளே இறங்கி, விழ வேண்டிய கொக்கியைச் சுற்றிக் கல்லாகக் காய்ந்து கிடந்தது. பேக்டரியிலேயே விலை கூடின சாமான் என்று அதற்கு மட்டும் கை நிறையச் சந்தனம் அள்ளி அப்பியது யார்? உக்கிரபாண்டியேதான். அவர் முகம் விழுந்துவிட்டது. சாமி காரியத்தில் தன் கையால் இப்படி ஆகிவிட்டதே என்று அந்தப் பெரிய மனுஷன் அப்படியே நின்றுவிட்டார்.

அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. நல்ல மனசோடுதான் வைத்தீர்கள், இதற்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொன்னாள். கொண்டை ஊசியை உருவி, காய்ந்த சந்தனத்தைக் கீறிக் கீறி எடுத்தாள். பிரஷால் தட்டினாள். சாமிக்கு வைத்ததைச் சுரண்டுகிறாளே என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. உதிர்ந்த பொடியைக் கீழே விடாமல் காகிதத்தில் பிடித்து, தன் நெற்றியில் ஒரு கோடு இட்டுக்கொண்டு, மிச்சத்தை முதலாளி கையில் கொடுத்தாள். அவரும் வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை.

பீசைப் போட்டு, மெயினைப் போட்டு, பட்டனை அமுக்கினாள். 'டக்.' கூடம் இருண்டது. எத்தனையோ நாள் வசவு வாங்கிக் கொடுத்த சத்தம் அது. அவள் காதுக்கு அன்றைக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

ஆனால் ராகுகாலம் பிறந்துவிட்டது. அதில் மோட்டாரை ஓட்ட அந்தப் பேக்டரியில் யாருக்குத் துணிச்சல்? ஒன்பது மணி வரை எல்லாரும் காத்துக் கிடந்தார்கள். வாசலில் இரைந்த வண்டிக்காரர்களை முதலாளி எரிச்சலோடு ஏதோ சொல்லி அடக்கி வைத்தார். தங்கப்பொண்ணு அந்த நேரத்தில் மற்ற சாமான்களைச் சுற்றி வந்து பார்த்தாள். உப்புத் தண்ணீரைக் கலக்குகிற மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள், வெளியே காய்ந்துதான் இருந்தது. சரி என்று நகர்ந்துவிட்டாள்.

ஒன்பதுக்கு மேல் திரும்பவும் சூடம் கொளுத்தினார்கள். சின்னான் உள்ளே இறங்கி, கலக்கு மோட்டாரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் தொட்டிப் பலகையை இழுத்து மூடினான். அவள் விழுந்த சுவிட்சைத் தூக்கிவிட்டு மோட்டாரைப் போட்டாள்.

'டக்.'

யாரும் திட்டவில்லை. லைட்டு, மோட்டார் எல்லாம் நின்றுபோன கூடத்தில் தொட்டித் தண்ணீர் ஆடி அடங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. தங்கப்பொண்ணு மெயினை நிறுத்திவிட்டு ஓடினாள். சின்னான் மோட்டாரை விட்டு இரண்டடி தள்ளி, ஈரத்தில் உட்கார்ந்தபடி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புடிச்சுச்சு புள்ள," என்றான். "புடிச்சுட்டு விட்டுருச்சு."

மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே தண்ணீர் கோத்துக் கிடந்தது. பூசைக்கென்று அதற்கும் வாளியோடு ஊற்றிக் குளிப்பாட்டியிருக்கிறார்கள். அதன் எர்த்து வயரும் குழாய்க்குள் உப்பு தின்று எப்போதோ அற்றுப் போயிருந்தது. தானும் அதைப் பார்க்கவில்லை என்று எல்லாருக்கும் முன்னால் தங்கப்பொண்ணு வாய்விட்டுச் சொன்னாள், மோட்டாரைக் காயவைத்து வயர் மாற்ற நாளைக்கு ஆகும் என்றாள். அவள் கண்ணுக்குத் தப்பியது சுவிட்சுக்குத் தப்பவில்லை. அந்தச் சுவிட்சுக்குத் திரும்ப உயிர் கொடுத்தது அவள். அழுகையும் பெருமையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வர, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பேயாண்டிதான் ஓடிப்போய் ரெண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தான்.

உக்கிரபாண்டி கொஞ்ச நேரம் மோட்டாரையும் சின்னானையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். வண்டிக்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு ஐஸ் கெடையாது. எல்லாரும் நாளைக்கு வாங்க."

ராகுகாலம்தான் போய்விட்டதே, இன்னும் என்ன தடை என்று ஒரு சோடாக் கடைக்காரர் சண்டைக்கு வந்தார். முதலாளி கூடத்துப் பக்கம் கையை நீட்டிக் காட்டினார்.

"எங்க வயர்மேன் நாளைக்குன்னு சொல்லிட்டாக. அவுக சொன்னாத்தான் இங்க கரண்டு."

உள்ளே இருந்த தங்கப்பொண்ணுக்கு அது தெளிவாகவே கேட்டது.