அள்ளாமல் விட்ட கிளைகள்

கிசிமா மலை இறக்கத்தில் லாரி நின்றுபோனால் முதல் வேலை அரிவாளை எடுப்பதுதான். ரோட்டோரத்தில் நாலு கிளையை வெட்டி, வண்டிக்குப் பின்னால் வளைவு தாண்டியும் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். கிளையைப் பார்த்ததும் பின்னால் வருகிறவன் வேகத்தைக் குறைப்பான். கிளம்பும்போது அத்தனையையும் அள்ளி ஓரத்தில் எறிந்துவிட்டுப் போக வேண்டும். அதைத்தான் ஒரு பயலும் செய்வதில்லை.

அன்று காலை சிமெண்ட் லோடோடு இறங்கிய டிரைவர் மகோகாவின் லாரிக்கு டயர் வெடித்தது. கிளை போட்டான், டயர் மாற்றினான். டிராபிக் போலீஸ் செரோப் அம்மாள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போறப்ப அந்தக் குப்பையை அள்ளிட்டுப் போ. உங்க வீட்டு வாசலா இது?"

"அள்ளிடறேம்மா. நீங்க போய் டீயைக் குடிங்க, ஆறிடப் போகுது."

அவள் மேட்டிலிருக்கும் தன் தடுப்புக்குப் போனாள். மகோகா வண்டியை எடுத்தான், கிளையை எடுக்கவில்லை. மத்தியானம் காலி வண்டியோடு மேலேறும்போதும் எதிர்ப்பக்கம் கிளைகள் கிடப்பதைப் பார்த்தான். ஏற்றத்தில் நிறுத்திக் கிளப்பினால் டீசல் தண்ணீராய்ப் போகும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டான்.

டீசல்தான் அவனுக்கு அப்போது உயிர். கம்பெனியில் அளந்து ஊற்றுவார்கள். வேலை முடிந்து வரும்போது டீசல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருந்தால் திட்டு. ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டியாயிற்று. இன்னொரு தடவை மாட்டினால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

வேலை வாங்கிக் கொடுத்ததே அவன் மனைவி நஃபுலாவின் தம்பி வஞ்சாலாதான். அதே கம்பெனியில் அவனும் ஓட்டுகிறான். லோடு ஏறும்போதெல்லாம் பாடம் நடத்துவான். அன்று மத்தியானமும் ஆரம்பித்தான்.

"ஆக்சிலேட்டரை மிதிக்காத மாமா, தடவு. டயர்ல காத்தைப் பாரு. சும்மா நிக்கிறப்ப இன்ஜினை அணை. ஆனா இறக்கத்துல மட்டும் நியூட்ரல்ல விட்டுடாத. அது மிச்சமில்ல, சாவு."

"உங்க அக்காவே இவ்வளவு பேச மாட்டா மச்சான். போ, போ, முன்னால போ."

வஞ்சாலா சிரித்துக்கொண்டே முன்னால் போனான். கொஞ்சம் பொறுத்து மகோகா இரண்டாவது நடைக்குக் கிளம்பினான்.

தடுப்பில் செரோப் கை காட்டி நிறுத்தினாள். "ரெண்டாவது கியர்தானே?"

"ரெண்டாவதேதாம்மா. உறுமறது காதுல விழலையா?"

அவள் கண்ணுக்கு மறைந்ததும் நியூட்ரலுக்குத் தள்ளி இன்ஜினையும் அணைத்தான், படுபாவி. வண்டி சத்தமில்லாமல் இறங்கியது. முள் கோட்டுக்கு மேலேயே நின்றது. அவனுக்கு அத்தனை சந்தோஷம்.

வளைவுக்கு முன்னால் கிளைகள் கிடந்தன. அட, காலையில் நான் போட்டதுதானே என்று அவற்றின் மேலேயே ஏற்றிக்கொண்டு போனான்.

வளைவு திரும்பினால் வஞ்சாலாவின் லாரி பழுதாகி நடுரோட்டில் நிற்கிறது. பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வஞ்சாலா குனிந்திருக்கிறான்.

மகோகா பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான். இன்ஜின் அணைந்து, இறக்கம் முழுக்க மிதித்து வந்ததில் காற்றுத் தீர்ந்த பிரேக் எதைப் பிடிக்கும்? சாவியைத் திருகுவதற்குள் மோதியாயிற்று.

இறங்கி ஓடினான். இரண்டு லாரிக்கும் நடுவில் வஞ்சாலா நசுங்கி நின்றிருந்தான். பேச்சு மட்டும் இருந்தது.

"கிளை கெடந்துச்சே மாமா... யாரோ போட்டிருக்காங்க, வெட்டற வேலை மிச்சம்னு நெனச்சேன். நீ பாக்கலையா?"

"ஐயோ மச்சான், பார்த்தேனே! பார்த்தேன்டா!"

அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு மகோகா கதறினான். அதற்கு மேல் வஞ்சாலா பேசவில்லை.

மேட்டிலிருந்து செரோப் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "பிரேக் போச்சா?" என்றாள். இந்த இறக்கத்தில் எல்லாரும் சொல்கிற பதில் அது. தலையாட்டினால் போதும்.

"இல்லம்மா, நியூட்ரல்ல விட்டேன். அந்தக் கிளையும் என்னோடதுதான்."

அவள் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "மேல பஸ் நிக்குது, இப்ப எறங்கிடும். போய்க் கிளை வெட்டிப் போடு," என்றாள்.

மகோகா வளைவைத் தாண்டி ஓடினான். காலையில் வெட்டியவை இன்னும் முழுசாக வாடாமல் அங்கேயே கிடந்தன; அவற்றைப் பார்த்தும் அவனே நிற்கவில்லையே. அரிவாளைத் தொடாமல் நடுரோட்டில் போய்க் கைகளை அகல விரித்து நின்றான்.

"என்னைப் பார்த்தாவது நில்லுங்கடா!" என்று மேட்டைப் பார்த்துக் கத்தினான்.