எழுந்து சிரிக்கும் காட்சி

அமலன் எடுத்த ‘பச்சைத் தூசி’ படத்தை முதன்முதலாகச் செம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல். காலைப் பூசைக்குப் போனவர்கள் வீடு திரும்பிச் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு வசதியாக நேரம் வைத்திருந்தார்கள். ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டி வெளிச்சத்தை அடைத்திருந்தது. மணமேடையில் வெள்ளைத் திரை. சேவுகம்பட்டியிலிருந்து நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். என் அம்மா பழனியம்மாள், அண்ணன் ஈஸ்வரன், பானு அண்ணி, அண்ணனின் தங்கை நான். அண்ணி அந்தப் படத்தில் நடித்திருந்தாள். நாங்கள் பார்க்கப் போனபோது அவளுக்கு ஆறாம் மாதம்.

அமலன் வத்தலக்குண்டுப் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவர். அண்ணன் கல்யாணத்துக்கும் அவர்தான் எடுத்தார். போன வருடம் எங்கள் தென்னந்தோப்பில் படம் பிடித்துக்கொள்ளலாமா என்று அண்ணனிடம் கேட்க வந்தவர், அண்ணிக்கும் ஒரு வேடம் இருக்கிறது என்றார். என்ன வேடம் என்று அம்மா கேட்டாள். டாக்டர் வேடம் என்றார். அது பொய் இல்லை. அண்ணி டாக்டராகத்தான் வருகிறாள். வந்து கொஞ்ச நேரத்தில் செத்துப்போகிறாள். அதை மட்டும் யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை. படம் எடுத்த அன்று அம்மா ஊரில் இல்லை. நான் பத்தாவதோடு நின்றுவிட்டதால் வீட்டில்தான் இருந்தேன். ஒரு தென்னை மரத்தின் பின்னால் நின்று முழுவதையும் பார்த்தேன்.

கதை இதுதான். வானத்திலிருந்து பச்சைத் தூசி விழுகிறது. அதை மூச்சில் இழுத்தவர்கள் விறைத்துச் செத்துப்போகிறார்கள். பிறகு தூசியிலிருந்து ஒரு ஜந்து முளைத்து ஊரைச் சுற்றி வருகிறது. தூசி என்பது கோலப்பொடி. ஜந்துவுக்கு உடம்பு சைக்கிள் டியூப், கைகள் சொட்டுநீர்க் குழாய், வாயிலிருந்து ஒழுகுவது ஜவ்வரிசிக் கஞ்சி.

மண்டபத்தில் ஒருவரும் பயப்படவில்லை. ஜந்து முதன்முதலாகக் கையை நீட்டியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், “குழாயெல்லாம் சரி, தண்ணி வருதாப்பா?” என்று கேட்டார். அதன் பிறகு ஜந்து எங்கே தலைகாட்டினாலும் யாராவது மோட்டார் போடச் சொன்னார்கள். தோப்பைக் கண்டதும் இது யார் தோப்பு என்ற பேச்சு வந்தது. எங்களுடையது என்று தெரிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி, கீழே விழுந்த மட்டையை ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய் என்று அண்ணனைக் கடிந்துகொண்டார். விஞ்ஞானியாக நடித்தது அமலனின் அப்பா சூசைமுத்து. முப்பது வருடம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவர். அவர் திரையில் வந்து கண்ணாடியைச் சரிசெய்தவுடன் மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று இழுத்து ராகமாக வணக்கம் சொன்னார்கள். சூசைமுத்து சார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அமலன் சுவரோரமாக நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

அண்ணி செத்துப்போகும் இடம் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. மஞ்சள் சேலை, மேலே வெள்ளைக் கோட்டு. தென்னையின் அடியில் மல்லாந்து கிடக்கிறாள். கண் திறந்தபடி இருக்கிறது. வெறுங்கையில் பச்சைத் தூசி. எங்களைத் தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.  அம்மா பக்கத்தில் இருந்த அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். படம் முடியும்வரை விடவில்லை. கடைசியில் பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் எல்லாரும் வண்டியை எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். அம்மா மட்டும் கடைசிப் பெயர் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 வீட்டுக்கு வந்ததும் அம்மா அண்ணிக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்டாள்.

“கெடந்தியே, அதுக்கப்புறம் எந்திரிச்சுச் சிரிச்சியா?”

அண்ணிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கம் திருவிழா நாடகங்களில் செத்ததாக நடிப்பவர் கடைசியில் மேடைக்கு வந்து, சிரித்த முகமாகக் கும்பிட்டுவிட்டுத்தான் வேடம் கலைப்பார். சினிமாவிலும் அந்தப் பழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவரைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி ஒன்று எடுத்துக்கொள்வார்கள். செத்தது அத்தோடு கழிந்துவிடும். அமலனுக்கும் தெரியும். அன்றைக்கு எடுக்கத்தான் இருந்தார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. விளக்குகளை மூடத் தார்ப்பாயோடு எல்லாரும் ஓடினார்கள். அண்ணி தானாக எழுந்து, கோலப்பொடி முகத்தில் கரைந்து வழிய, வீட்டுக்குள் ஓடி வந்தாள். பிறகு எல்லாருக்கும் மறந்துபோனது.

“அது நடிப்புதானே அத்தை” என்றாள் அண்ணி.

“நடிப்புன்னு ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மண்டபத்துல இருந்தவுக கண்ணுல நீ இன்னும் அப்படியேதான கெடக்க?”

அம்மா அழவுமில்லை, சத்தம் போடவுமில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் அத்தனை பேர் கண்ணில் பிணமாகக் கிடக்கிறாள், எழுந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இதைச் சரிசெய்யாமல் அவளைப் பிரசவத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். அண்ணியின் பிறந்த வீடு ஒட்டன்சத்திரம். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அண்ணி அதற்காக நாளை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அண்ணன் கூப்பிட்டு மறுவாரம் அமலன் வந்தார். எழுந்து சிரிப்பதைப் படம் எடுத்துவிடலாம் என்று உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் எடுத்தால் மட்டும் அம்மாவுக்குப் போதாது. படத்தில் செத்தவள் படத்திலேயே எழுந்தாக வேண்டும். கடைசியில் பெயர்கள் ஓடும்போது ஓரத்தில் போட்டுவிடுகிறேன் என்றார் அமலன்.

“பேரு ஓடறப்ப யாருப்பா உக்காந்திருந்தா? அம்புட்டுப் பேரும் வண்டி எடுக்கப் போயிட்டாக. நாந்தான் இருந்தேன்” என்றாள் அம்மா.

 பெயர்களுக்கு முன்னால், கடைசிக் காட்சியாக வைப்பது என்று முடிவானது. திண்டுக்கல்லில் ஒரு தியேட்டரில் காலைக்காட்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகவும் அதற்குள் சேர்த்துவிடுவதாகவும் சொன்னார்.

ஆனால் அவர் கல்யாணம் மாற்றிக் கல்யாணமாக ஓடிக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தபோது வளைகாப்பு முடிந்து மூன்று நாளாகியிருந்தது. வளைகாப்பு அன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து கார் வைத்து வந்திருந்தவர்கள் அண்ணி இல்லாமல் திரும்பிப் போயிருந்தார்கள். அண்ணியின் அப்பா மதியழகன் மரியாதைக்காரர். “ஏனுங்க சம்பந்தி, எங்க மேல ஏதாச்சுங் கோவமுங்களா?” என்று மட்டும் கேட்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, படம் திண்டுக்கல்லில் ஓடட்டும், அன்றைக்கே அனுப்பிவைக்கிறேன் என்றாள். கார் போன பிறகு அண்ணி மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நானும் போய் நின்றேன். 

படம் எடுக்க அதே மரம், அதே மஞ்சள் சேலை, அதே வெள்ளைக் கோட்டு. கோட்டுக்குப் பொத்தான் போட முடியவில்லை. வயிறு முன்னால் வந்துவிட்டது. கை இரண்டிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். முந்தைய காட்சியில் வெறுங்கை, இப்போது இத்தனை வளையலா என்று அமலன் தயங்கினார். வளைகாப்பு வளையலைக் கழற்றக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். கோலப்பொடியையும் அண்டவிடவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் அவளே நின்றுகொண்டு எல்லாம் சொன்னாள். கையை ஊன்றி மெதுவாக எழுந்திரு. நேராகப் பார். பார்க்கிறவர்களைப் பார். சிரி. இன்னும் நல்லாச் சிரி. செத்த நேரம் அப்படியே இரு, எல்லாரும் பார்க்கட்டும். அண்ணி பிறந்த வீட்டை நினைத்துக்கொண்டு, கண்ணைச் சிமிட்டாமல் சிரித்தாள்.

திண்டுக்கல் தியேட்டர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. மதியழகன் காரை வாசலிலேயே நிறுத்தியிருந்தார். அண்ணியின் துணிப்பெட்டி பின்னால் ஏற்றியாகிவிட்டது. இருட்டுக்குள் அவள் வரவேண்டாம் என்று அம்மா சொன்னதால், அண்ணனும் மதியழகனும் அவளோடு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். அம்மாவும் நானும் உள்ளே போனோம். பாதி இருக்கைகள் நிரம்பியிருந்தன. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், சில குடும்பங்கள். எங்களைத் தெரிந்தவர் ஒருவருமில்லை.

இங்கேயும் சிரிப்புதான். ஜந்து வந்ததும் ஒரு பையன் தன் சிநேகிதனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தூசி விழும் காட்சி மெதுவாக ஓடியபோது, பொண்ணு மாப்பிள்ளையைக் காணோமே என்றது ஒரு குரல். கல்யாண வீடியோக்காரரின் கை என்று தெரிந்துவிட்டது போல. சூசைமுத்து சாருக்கு இங்கே யாரும் வணக்கம் சொல்லவில்லை. அவர் பேசிய இடத்தில் பலர் வெளியே போய்ப் பப்ஸ் வாங்கி வந்தார்கள். அண்ணி செத்ததற்கும் அவர்கள் அசையவில்லை. அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. யார் பெற்ற பிள்ளையோ என்றுகூட இல்லையே என்று என் காதில் சொன்னாள்.

கடைசியில் ஜந்துவைக் கொளுத்துகிறார்கள். ஊர் பிழைக்கிறது. சூரியன் எழுகிறது. ஆட்கள் செருப்பைத் தேடினார்கள். சிலர் எழுந்தும்விட்டார்கள். அப்போது வளையல் சத்தம் கேட்டது.

அந்த இடத்தில் என்ன இசை போடுவது என்று அமலனுக்குத் தெரியவில்லையாம், அப்படியே விட்டிருந்தார். வெறும் வளையல் மட்டும். திரையில் தென்னையடி. செத்தவள் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். கை நிறைய வளையல். திறந்து கிடந்த வெள்ளைக் கோட்டுக்குள் பெரிய வயிறு. நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எனக்கு முன்வரிசையில் கறுப்பு அங்கி போட்டிருந்த ஒரு அக்கா, “அல்லாவே, வயித்துக்குள்ள அது இருக்கு” என்று அலறினாள். அதன் பிறகு தியேட்டர் முழுக்கச் சத்தம். ஒரு பையன் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். பலர் கண்ணைப் பொத்தினார்கள். கதவருகில் அமலன் நின்றிருந்தார். அவருக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ண மூடிக்கிட்டாகடி” என்றாள்.  “அவ எந்திரிச்சதப் பாக்கலடி.”

பார்த்ததால்தான் பயந்தார்கள் என்று நான் சொன்னேன். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாகப் போனது. வயிற்றுக்குள் ஜந்து என்று அந்த அக்கா சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. பெயர்கள் ஓடுவதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். டீக்கடைக்குப் போய், ஏன் எதற்கு என்று சொல்லாமல் அண்ணியைக் கூட்டி வந்து தியேட்டர் வாசல் படியில் நிறுத்தினாள். நாடகக்காரர்கள் நிற்பதுபோல.

“வர்றவுக மொகத்தப் பாத்துச் சிரி. ஒருத்தரையும் விட்றாத” என்றாள்.

முதலில் வந்த கல்லூரிப் பையன்கள் அண்ணியைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார்கள். ஒருவன் பின்னால் நகர்ந்து அடுத்தவன் காலை மிதித்தான். அண்ணிக்கு ஒன்றும் தெரியாது. சொன்னபடி சிரித்தாள். அவர்கள் இன்னும் கொஞ்சம் பின்வாங்கியதும் அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். வளையலும் சேர்ந்து குலுங்கியது. பையன்களுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா என்று ஒருவன் கேட்டான். அதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த பாகம் எப்போது, குழந்தை என்னவாகும் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அண்ணி அமலனைக் கை காட்டினாள். அமலன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

கத்திய அக்கா கடைசியாகத்தான் வந்தாள். அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் பக்கத்தில் வந்து, “எத்தன மாசம்மா?” என்றாள்.

“ஏழு முடியப்போகுதுக்கா.”

“மொதப் பிள்ளையா? ஒன்னையப் பாத்துத்தான் அந்தக் கத்துக் கத்துனேன். மனசுல வச்சுக்காத” என்று அண்ணியின் கன்னத்தைத் தொட்டு, தன் நெற்றியோரத்தில் வைத்து விரல்களை நெரித்தாள். சொடக்கு எல்லா விரலிலும் விழுந்தது. அம்மா அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

மதியழகன் காரைக் கிளப்பிவிட்டார். அம்மா அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். கேட்டைச் சாத்த வந்தவரிடம், உள்ளே இன்னும் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டாள். மேலே படம் ஓட்டுகிறவர் இருக்கிறார் என்றார் அவர். வரச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, ஒரு ஆள் பாக்கி என்றாள்.

கொஞ்ச நேரத்தில் வேட்டியும் பனியனுமாக ஒருவர், பாதிச் சாப்பாட்டில் எழுந்தவர்போலக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி அண்ணியைப் பார்த்தார். அண்ணி சிரித்தாள். அவருக்கு ஆள் தெரிந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. பதிலுக்குச் சிரித்து, “வாங்கம்மா, சாப்பிட்டாச்சா?” என்றார்.

அம்மா போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“கூட்டிட்டுப் போங்க சம்பந்தி” என்றாள்.